43 லூப் இருக்கு, ஒரு பாட்டுகூட இல்ல: பேட்டர்ன் சீக்வென்சரில் பாட்டை முடிப்பது எப்படி?

இரவுவண்டி

வணக்கம். ரெண்டு வருஷமா போன்ல மட்டும்தான் இசை பண்றேன். முதல்ல காஸ்டிக், இப்ப சன்வாக்ஸ். ரெண்டும் அடி, சுரங்களை சின்ன பேட்டர்னா எழுதி ஓடவிடற சீக்வென்சர் ஆப்கள். நேத்து ராத்திரி எல்லா புராஜெக்ட்டையும் திறந்து எண்ணிப் பார்த்தேன். 43 இருக்கு. ஒவ்வொண்ணும் திரும்பத் திரும்ப ஓடற லூப், நாலு பார் (ஒரு பார்னா நாலு பீட்), சிலது எட்டு பார். கிக், ஸ்னேர், ஹை-ஹேட்னு டிரம் அடிகள், கீழ்ச்சுரத்துல ஒரு பேஸ், மேல ஒரு சின்த் லைன். தனித்தனியா கேட்டா எனக்கே பிடிச்சிருக்கு. ஆனா 43ல ஒண்ணுகூட பாட்டா முடியல.

நடக்கறது இதுதான். ஒரு பேட்டர்ன் போடறேன், ஓடவிட்டுக் கேட்கறேன். ஸ்னேர் சவுண்டை மாத்தறேன், ஹேட்ல ஒரு ஸ்டெப்பை (ஒரு பார்ல இருக்கற 16 கட்டத்துல ஒண்ணு) நகர்த்தறேன், ஃபில்டரைத் திருப்பறேன். ஒரு மணி நேரம் போயிடுது. அப்புறம் அடுத்த பகுதி எழுதலாம்னு உட்கார்ந்தா, எதைப் போட்டாலும் ஒட்ட மாட்டேங்குது. திரும்ப முதல் லூப்புக்கே போயிடறேன்.

ஒரு பாட்டையாவது முழுசா முடிச்சு நாலு பேர் காதுல போடணும்னு மனசார ஆசை. இதைத் தாண்டி வந்தவங்க எப்படித் தாண்டினீங்க?

வெள்ளைக்கட்டை

தம்பி, முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில், ஒரு பார் 2 விநாடி. நாலு பார் லூப் 8 விநாடி. ஒரு மணி நேரம் ஓடவிட்டால் அதையே 450 தடவை கேட்டிருக்கிறீர்கள். 450 தடவை கேட்ட எதுவும் காதில் கல்வெட்டாகிவிடும். அதற்குப் பிறகு எதை எழுதினாலும் வேற்றாள் வீட்டுக்குள் வந்தமாதிரிதான் கேட்கும். உங்கள் கற்பனை வற்றிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், காது பழகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். லூப்பை முதலில் நிரப்புவேன், பிறகு கழிப்பேன். ஏழெட்டு டிராக் சேர்ந்ததும் எல்லாவற்றையும் மியூட் செய்துவிட்டு, ரெக்கார்டை அழுத்தி, மூன்று நிமிடத்துக்கு மியூட் பட்டன்களைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன். ஹேட்டும் பேஸும் முதலில். கொஞ்ச நேரம் கழித்துக் கிக். அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது பேஸை எடுத்துவிட்டு மேலே சின்த்தை மட்டும் விடுவேன். கிக் எங்கே உள்ளே வருகிறது என்பதைவிட எங்கே வெளியே போகிறது என்பதுதான் கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். இப்படி நாலைந்து தடவை பதிவு செய்தால் ஒன்றாவது தேறும்.

இது பழைய வழிதான். 1980ல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் பெட்டியில் 16 ஸ்டெப்புக்கு 16 பட்டன். இன்று நம் போன் திரையில் இருக்கும் கட்டங்கள் அந்த வரிசையின் வாரிசுகள். அந்தப் பெட்டிகளை வைத்து இசைத்தவர்கள் பேட்டர்னை ஓடவிட்டு, மிக்சரில் கையை வைத்துத்தான் நிறையப் பாட்டுகளைச் செதுக்கினார்கள்.

சரிகட்டம்

வெள்ளைக்கட்டை அண்ணாவின் 450 கணக்கை அப்படியே ஏற்கிறேன். மருந்தைத்தான் ஏற்க முடியவில்லை. மியூட்டை மட்டும் வைத்துக் கட்டினால் பாட்டு முழுக்க ஒரே கார்டில், அதாவது ஒரே சுரக்கூட்டில், நிற்கும். ஆட்கள் வந்துபோவார்கள், இடம் மாறாது. நடனத்துக்கான இசையில் அது பொருந்தும். தம்பி "அடுத்த பகுதி ஒட்டவில்லை" என்கிறார். அவருக்கு அடுத்த பகுதி வேண்டும், அதே பகுதியின் மெலிந்த வடிவம் அல்ல.

என் அனுபவத்தில் உண்மையில் வேலை செய்த வழி ஒன்றுதான்: முதல் பேட்டர்ன் அரைகுறையாக இருக்கும்போதே இரண்டாவதை எழுதிவிட வேண்டும். கிக்கும் பேஸும் மட்டும் இருக்கிறதா? போதும், நிறுத்துங்கள். சவுண்டைத் தேடாதீர்கள், ஃபில்டரைத் தொடாதீர்கள். அதைக் காப்பி எடுத்து 'பி' என்று வையுங்கள். 'ஏ'யில் பேஸ் 'ஸ'வில் தொடங்கினால் 'பி'யில் 'ம'வில் தொடங்கட்டும். கிக்கில் ஒரே ஒரு ஸ்டெப்பை எடுத்துவிடுங்கள். பிறகு 'சி': அதில் கிக்கே வேண்டாம், பேஸ் நீண்ட ஒற்றைச் சுரம். இந்த மூன்றும் எலும்புக்கூடாக இருக்கும்போதே வரிசையாக வைத்து ஒரு தடவை முழுக்கக் கேளுங்கள். பாட்டு மொட்டையாகத்தான் இருக்கும், ஆனால் பாட்டாக இருக்கும். அதற்குப் பிறகு ஸ்னேரைத் தேடலாம், ராத்திரி முழுக்கத் தேடலாம்.

நான் டிராக்கர் (சுரங்களை வரிவரியாக எழுதும் மென்பொருள்) வழியில் வந்தவள். 1987ல் அமிகா கணினிக்கு வந்த அல்டிமேட் சவுண்ட்டிராக்கரில் நாலே சேனல், பேட்டர்னுக்கு 64 வரி. பாட்டு என்பது பேட்டர்ன் எண்களின் பட்டியல்: 00, 00, 01, 00, 02, 01 என்று. அந்தப் பட்டியல் எப்போதும் கண்ணெதிரே நிற்கும். அதில் 00 மட்டும் இருந்தால் பாட்டு இன்னும் பிறக்கவில்லை என்று அதுவே சொல்லிவிடும். இன்றைய ஆப்கள் பலவற்றில் திறந்ததும் தெரிவது ஒற்றை லூப்தான், பாட்டின் வரிசை வேறொரு திரைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கேதான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தம்பி சன்வாக்ஸ் வைத்திருப்பதால் இன்னொன்று. அதில் பேட்டர்னைக் குளோன் செய்தால் ஒன்றில் செய்த மாற்றம் எல்லாக் குளோனிலும் விழும். 'பி'யை எழுதும்போது 'ஏ' கெட்டுப்போனால் காரணம் அதுதான். தனியாக மாற்ற வேண்டியதைக் குளோன் எடுக்காமல் காப்பி எடுங்கள்.

இரவுவண்டி

அக்கா, அந்தக் குளோன் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு மூணு நல்ல லூப் "தானா" மாறிப்போயிருந்தது, ஆப்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சிட்டிருந்தேன். 'பி'யை முதல்லயே எழுதறதை இன்னைக்கே முயற்சி பண்றேன்.

வெள்ளைக்கட்டை

சரிகட்டம் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது பேட்டர்னைச் சீக்கிரம் எழுதவேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையால் மியூட் போட்டுப் பதிவு செய்வதை நான் விடமாட்டேன். கட்டத்தில் பார்த்து வரிசை வைத்தால் எல்லாப் பகுதியும் 8, 16, 8, 16 என்றே விழுகிறது. கண்ணுக்கு அழகாகத் தெரிவதைக் கை அடுக்கிவிடுகிறது. ஓடும்போது கேட்டுக்கொண்டே கையால் எடுத்தால், ஆறாவது பாரிலேயே "போதும்" என்று விரல் போய்விடும். அந்த ஆறாவது பாரை நான் திரையைப் பார்த்து ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை.

சரிகட்டம்

அதை மறுக்க மாட்டேன் அண்ணா. மூன்று பேட்டர்னை எழுதிவிட்டு, அவற்றை உங்கள் முறையில் கையால் இயக்கிப் பதிவு செய்தால் இரண்டும் சேரும். கோர்க் கேஜெட் போன்ற ஆப்களில் சீன் என்று வரிசை இருக்கிறதே, அங்கே ஒவ்வொரு சீனையும் ஒரு பகுதியாக எழுதிவைத்துக்கொண்டு, எத்தனை தடவை திரும்ப வரவேண்டும் என்பதை மட்டும் காதால் முடிவு செய்யலாம்.

தூரத்துமணி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் தொடங்கவே இல்லை. போனில் முதலில் எதைப் போட்டுக்கொள்வது? இழையைப் படித்தால் ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ஒலிப்பொறி

பயம் வேண்டாம். கோலா சாம்ப்ளரில் தொடங்குங்கள், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இருக்கிறது. மைக்கில் எதையாவது பதிவு செய்தால் அது திரையில் ஒரு பேடில் (தட்டினால் ஒலிக்கும் கட்டத்தில்) உட்கார்ந்துகொள்ளும். மேசையைத் தட்டினால் அதுவே கிக். நோட்டு, கார்டு எதுவும் தெரியாமலே முதல் நாளில் ஒரு லூப் கைக்கு வரும். நானோலூப் இன்னொரு நல்ல வாசல்: 1998ல் ஆலிவர் விட்ச்சோ கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக எழுதியது, பிறகு போனுக்கும் வந்தது. நாலுக்கு நாலு, 16 கட்டம், அதைத் தாண்டி வழிதவற இடமே இல்லை. சன்வாக்ஸ் ஆழமான கடல், அதைக் கொஞ்சம் பழகிய பிறகு திறவுங்கள்.

எதை எடுத்தாலும் ஒன்றையே மூன்று மாதம் வைத்திருங்கள்.

வலந்தலை

நான் மிருதங்கம் வாசிப்பவன். சீக்வென்சருக்கு வந்து நாலு வருடம். இங்கே யாரும் பேட்டர்னின் நீளத்தைப் பற்றிப் பேசவில்லை, எனக்கு அதுதான் எல்லாம்.

லூப் சலிப்பதற்குப் பெரிய காரணம், எல்லா டிராக்கும் 16ல் தொடங்கி 16ல் முடிவது. எல்லோரும் ஒரே நேரத்தில் சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் அடிக்கு, வந்துவிடுகிறார்கள். கிக்கை 16 ஸ்டெப்பில் விட்டு, ஹேட்டை 12 ஸ்டெப்பாக வையுங்கள். இரண்டும் மறுபடி சேர்ந்து விழ 48 ஸ்டெப், அதாவது மூன்று பார் ஆகும். பேஸை 14 ஆக்கினால் மூன்றும் சேர 336 ஸ்டெப். 120 பிபிஎம்மில் அது 42 விநாடி. மூன்றே சின்னப் பேட்டர்ன், ஒன்றுகூடப் புதிதாக எழுதவில்லை, 42 விநாடிக்கு ஒரே மாதிரி திரும்பவே திரும்பாது. ஐபேடில் பேட்டர்னிங் என்ற ஆப் ஒவ்வொரு டிராக்கையும் தனி வட்டமாகவே காட்டும், அதில் இது கண்ணுக்குத் தெரியும். சன்வாக்ஸில் 12 வரியில் ஒரு பேட்டர்ன் எழுதி, கிக்குக்குக் கீழே குளோன்களை வரிசையாக அடுக்கினால் முடிந்தது. தனித்தனி நீளத்துக்கு இடமே தராத ஆப் என்றால், 48 ஸ்டெப்பில் 12 ஸ்டெப் வடிவத்தை நாலு தடவை கையாலேயே ஒட்டுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் இப்படி நகரவிட்டால் கேட்பவருக்குப் பிடிமானம் போய்விடும். ஒருவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், மற்றவர் விளையாடலாம். நான் எப்போதும் கிக்கை அசையவிடமாட்டேன்.

நடை (ஒரு பீட்டை எத்தனையாகப் பிரிப்பது) வேண்டுபவர்களுக்கு: பெரும்பாலான ஆப்கள் ஒரு பீட்டுக்கு நாலு ஸ்டெப் என்றே எண்ணுகின்றன, சதுஸ்ரம் மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். திஸ்ர நடை வேண்டுமென்றால் நாலு பீட்டுக்கு 12 ஸ்டெப் எடுத்து, மூன்று மூன்றாகப் படியுங்கள். வேகத்தை முக்காலாகக் குறைக்க வேண்டும். மனதில் 80 என்றால் ஆப்பில் 60. கண்ட நடைக்கு 20 ஸ்டெப், ஐந்து ஐந்தாக, 80க்கு ஆப்பில் 100. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு 14 ஸ்டெப்பில் 6, 4, 4 என்று அழகாக உட்காரும். இப்படிச் செய்யும்போது ஸ்விங் (ஜோடியில் இரண்டாவது ஸ்டெப்பைத் தாமதிக்கும் அமைப்பு) 50ல் இருக்கட்டும். ஆப் இரண்டிரண்டு ஸ்டெப்பாகத்தான் ஸ்விங் செய்யும், மூன்றிலும் ஐந்திலும் அது பல்லைப் பிடுங்கிவிடும்.

வெள்ளைக்கட்டை

இந்த ஒரு பதிவுக்காகவே இழையைச் சேமித்து வைக்கிறேன் ஐயா. ஸ்விங் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன். என் லூப்களில் 60க்கு மேல் வைத்தாலே நொண்டுகிறது.

வலந்தலை

அந்த எண் என்ன என்று புரிந்தால் பயம் போய்விடும். 120 பிபிஎம்மில் இரண்டு ஸ்டெப் சேர்ந்து 250 மில்லிசெகண்ட். 50 என்றால் 125, 125. 54 என்றால் முதலாவது 135, அடுத்தது 115. 66ஐ நெருங்கினால் ஏறத்தாழ 165, 85, அதாவது மூன்றில் இரண்டு பங்கும் ஒரு பங்கும், திஸ்ரத்தின் ஓட்டம் வந்துவிடும். ராஜர் லின் 1980ல் எல்எம்-1 டிரம் பெட்டியில் இந்தச் சதவீத முறையைக் கொண்டுவந்தார், இன்றைய ஆப்களும் அதையே பின்பற்றுகின்றன. 52 முதல் 57 வரைதான் எனக்கு உயிருள்ள இடம். வேகம் கூடக் கூட ஸ்விங்கைக் குறையுங்கள்.

ஆனால் ஸ்விங்கைவிட முக்கியம் வெலாசிட்டி, அதாவது அடியின் பலம். போனில் கட்டத்தைத் தொட்டால் எல்லா அடியும் ஒரே பலத்தில் விழும். எங்கள் கையில் எந்த இரண்டு அடியும் ஒரே கனத்தில் விழாது. ஹேட்டில் 16 அடியும் 100ல் இருந்தால், ஒற்றைப்படை ஸ்டெப்புகளை 90லும் இரட்டைப்படையை 50லும் வைத்துவிட்டுக் கேளுங்கள். வேறு எதையும் மாற்றாமலே நடக்கத் தொடங்கிவிடும்.

ஒலிப்பொறி

வேலை செய்யும் விதம் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். பொறியின் பக்கம் சில.

புளூடூத் ஹெட்போனில் பேட்டர்ன் எழுதலாம், ஆனால் விரலால் தட்டிப் பதிவு செய்யாதீர்கள். புளூடூத்தில் ஒலி வந்துசேர 100 மில்லிசெகண்டைத் தாண்டுவது சாதாரணம். 120 பிபிஎம்மில் ஒரு ஸ்டெப்பே 125தான். தட்டிய அடி கிட்டத்தட்ட ஒரு கட்டம் தள்ளிக் கேட்கும், காதை நம்பி நீங்கள் முன்கூட்டியே தட்டப் பழகிவிடுவீர்கள். ஒயர் ஹெட்போன் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆப்பின் அமைப்பில் பஃபர் (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) என்று இருந்தால், 48,000 சாம்பிள் வேகத்தில் 256 என்பது 5 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல், 1024 என்பது 21க்கு மேல். தட்டும்போது சின்னது, எழுதி முடித்து மிக்ஸ் செய்யும்போது பெரியது. ஆண்ட்ராய்டில் இந்தத் தாமதம் முன்பு பெரிய தலைவலி. 2017ல் ஆண்ட்ராய்டு 8உடன் ஏஆடியோ என்ற ஒலி இணைப்பு முறை வந்தபின் நிலைமை நன்றாகவே மாறியது, ஆனாலும் போனுக்குப் போன் வித்தியாசம் உண்டு.

பேஸ். போன் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் சுரம் கேட்காது. கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றினால், நல்ல ஸ்பீக்கரில் போடும்போது கண்ணாடி அதிரும். வால்யூமை விட்டுவிட்டு பேஸில் கொஞ்சம் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) சேருங்கள். 100, 150, 200 என்று மேல் பங்குகள் பிறக்கும், அவற்றைக் கேட்டே மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும்.

இரவுவண்டியின் சிக்கலுக்கு நேராக உதவும் ஒன்று: லூப் தேறியதும் அதை வேவ் ஃபைலாக எடுத்து, சின்த்துகளை மூடிவிட்டு, அந்த ஆடியோவைப் புது புராஜெக்ட்டில் வைத்து மேலே கட்டுங்கள். இனி ஸ்னேரை மாற்ற வழியே இல்லை. முன்னால் போவது மட்டும்தான் மிச்சம். போனின் பிராசசருக்கும் ஓய்வு.

கடைசியாக, புராஜெக்ட்டை வேறோர் இடத்தில் பிரதி எடுங்கள். ஒரு ஆப்பை நீக்கி மறுபடி போட்டபோது எனக்கு ஒரு வருட வேலை போயிற்று. இன்றும் அதில் இருந்த ஒரு பேஸ் லைன் நினைவில் வந்து வலிக்கும். மிடி ஃபைல் (சுரக்குறிப்பு), வேவ் ஃபைல் (ஒலி) இரண்டையும் வெளியே எடுத்து வையுங்கள்.

தூரத்துமணி

கோலாவில் கதவு சாத்தும் சத்தத்தைக் கிக்காக வைத்தேன். இரண்டு பார் ஓடுகிறது. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரிகட்டம்

மூன்றாவது பாருக்குப் போவதற்கு முன்னால் அதைக் காப்பி எடுத்து, கதவை ஒரு இடத்தில் தள்ளி வையுங்கள். அதுதான் உங்கள் 'பி'.

இரவுவண்டி

பதினோரு நாள் கழிச்சு வரேன். முடிச்சிட்டேன்.

17ஆம் நம்பர் புராஜெக்ட்டை எடுத்தேன். முதல் வேலையா சின்த், ஸ்னேர் எல்லாத்தையும் அழிச்சு கிக், பேஸ் மட்டும் வச்சேன். அதை அழிக்கறது ரொம்ப வலிச்சது, ஆனா பிரதி எடுத்து வச்சிருந்ததால தைரியமா அழிச்சேன். அப்புறம் அக்கா சொன்ன மாதிரி அன்னைக்கே 'பி', 'சி' ரெண்டையும் எழுதிட்டேன். பேஸ் 'ம'வுக்குப் போனதும் அது ஏதோ வேற ஊருக்கு வண்டி திரும்பின மாதிரி இருந்தது. ரெண்டு வருஷத்துல என் இசைல அப்படி ஒரு திருப்பத்தை நான் கேட்டதே இல்ல.

ஹேட்டை 12 வரில எழுதி, குளோன் பண்ணி அடுக்கினேன். மூணு பாருக்கு ஒருமுறைதான் கிக்கோட சேர்ந்து விழுது. முதல்ல பகுதிகளை 8 பாரா வச்சப்ப மாறுற இடத்துல எல்லாம் ஹேட் தடுமாறிச்சு. ராத்திரி ஒரு மணிக்குத்தான் புரிஞ்சது, பகுதி மூணோட மடங்கா இருக்கணும். அதனால 6, 12, 12, 6, 12, 12ன்னு வச்சேன். மொத்தம் 60 பார், 96 பிபிஎம், சரியா ரெண்டரை நிமிஷம். அந்த நடு 6 பார்தான் 'சி', கிக் இல்லாம. 8 பாருக்கு இழுக்காம 6லேயே முடியறதால, கிக் திரும்ப வரும்போது எதிர்பார்க்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துடுது. எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு.

ஸ்னேரை கடைசி நாள்தான் தேடினேன். இருபது நிமிஷத்துல கிடைச்சிடுச்சு.

வலந்தலை

மூன்றின் மடங்கை நீங்களே கண்டுபிடித்தது மனதுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. கடைசி 12 பாரில் ஹேட்டை 12க்குப் பதில் 16 ஆக்கிப் பாருங்கள். அதுவரை நழுவிக்கொண்டே இருந்தது வந்து உட்காரும், முடிவு தானாக முடிவாகக் கேட்கும்.

வெள்ளைக்கட்டை

ஒன்று கேட்கிறேன். அந்த 6 பார், கட்டத்தில் எண்ணி வைத்ததா, காதால் வந்ததா?

இரவுவண்டி

எண்ணித்தான் வச்சேன் அண்ணா, ஹேட்டுக்காக. ஆனா முதல்ல 12 பாரா வச்சிருந்தேன். ஓடவிட்டுக் கேட்டுட்டே இருந்தப்ப ஆறாவது பார்ல விரல் தானா கிக் மியூட்டை எடுத்துடுச்சு. அப்புறம்தான் போய் 6ன்னு மாத்தினேன்.

வலந்தலை ஐயா, ஹேட்டை 16 ஆக்கிட்டேன். வேவ் ஃபைலைத் திரும்ப எடுத்துட்டிருக்கேன். 29ஆம் நம்பர் புராஜெக்ட்ல இருந்த சின்த்தையும் அழிச்சாச்சு.